மூடிய பாறையில் தடித்த பாசி

மூடிய பாறையில் தடித்த பாசி முளைத்திருப்பதை முதலில் பார்த்தது முக்குளிதான். தண்ணீருக்குள் போனால் லேசில் மேலே வராதவள் என்பதால் கூட வேலை செய்யும் பெண்கள் வைத்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ அழைக்கிறார்கள் என்று பேசாமல் நடந்துகொண்டிருப்பாள்.

அந்தக் கரையில் கடலுக்குள் இறங்கிப் பாசி எடுப்பது பெண்களின் வேலை. முகத்தில் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் வலைப்பை, கையில் ஒரு சின்னக் கத்தி. முன்பெல்லாம் கத்திகூடக் கிடையாது. பாறையிலிருந்து அப்படியே பிடுங்கிக்கொண்டு வருவார்கள். பாசி வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போய், ஒரு பருவம் முழுக்க முங்கியும் பை பாதிகூட நிரம்பாமல் போனபோதுதான் எல்லோருக்கும் பயம் வந்தது. பாசி உலர்த்தும் கொட்டகையில் கூடி உட்கார்ந்து, சண்டை போட்டு, கடைசியில் இரண்டு முடிவுக்கு வந்தார்கள். இனிமேல் யாரும் பிடுங்கக் கூடாது. பாறையைப் பிடித்திருக்கும் அடியை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் நறுக்க வேண்டும். கரையிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் பெரிய பாறைத்திட்டில் யாரும் கையே வைக்கக் கூடாது. அது விதைப் பாசிக்கு. அங்கே செழித்தால் அதன் வித்துகள் மிதந்துவந்து மற்றப் பாறைகளிலும் பிடிக்கும்.

அந்தத் திட்டுக்கு மூடிய பாறை என்று பெயர் ஆகிவிட்டது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை முக்குளி ஏற்றுக்கொண்டாள். ஏற்றுக்கொண்ட விதத்தைப் பார்த்து, மீன்கள்கூட அவளிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகின்றன என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். பாறையில் பாசி திரும்பி வந்தபோது கேலி நின்றது.

பிறகு அந்தப் புயல் அடித்தது. கடல் கலங்கி, தண்ணீர் தெளிய வாரக்கணக்கில் ஆனது. தெளிந்ததும் முக்குளி போய் முங்கினாள். அவளுக்குத் தெரிந்த பாசி மெலிசாக, கறுப்பாக, துடைப்பக் குச்சிபோல விறைப்பாக இருக்கும். இப்போது அதற்கு நடுவே வேறொன்று இருந்தது. வெளிர்ப்பச்சை நிறம். விரல் தடிமனில் கிளைகள். தொட்டு வளைத்ததும் மடக்கென்று ஒடிந்தது.

பாறைக்கு அந்தப் பக்கம் அலை அடிக்காத கால்வாய் ஒன்று உண்டு. அங்கே ஒரு கம்பெனி மிதவைகள் கட்டி, கயிறுகளில் வெளியூர்ப் பாசியை வளர்த்துக்கொண்டிருந்தது. புயலில் பாதிக் கயிறுகள் அறுந்துபோனது ஊருக்கே தெரியும். அந்தப் பாசி தடிப்பாகத்தான் இருக்கும். வேறு கரைகளில் அது பாறையேறி, அங்கே இருந்ததையெல்லாம் மூடிக் கொன்றுவிட்டதாக அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க முக்குளிக்கு அதிக நேரம் ஆகவில்லை.

சங்கடம் என்னவென்றால், அந்த மிதவைகளில் வேலை செய்தவள் அவளுடைய நாத்தனார். கணவனின் தங்கை. அவளும் முன்பு முங்கியவள்தான். காதுச் சவ்வு கிழிந்து, இனிமேல் ஆழத்துக்குப் போகவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு மிதவைக்குப் போனாள். பெண்கள் அவளைக் கயித்துக்காரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதில் விளையாட்டு எவ்வளவு, வினை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறையில் இருந்தார்கள். எதைப் பற்றியும் சத்தமாகப் பேசிக்கொள்வார்கள். பாசியைப் பற்றி மட்டும் பேசினால் சண்டையில் முடியும் என்பதால், சாப்பிடும் இடத்தில் அந்தச் சொல்லையே எடுக்கக் கூடாது என்று முக்குளியின் கணவன் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் மெக்கானிக். மனைவி பேசும்போது மனைவிக்கும், தங்கை பேசும்போது தங்கைக்கும் தலையாட்டித் தலையாட்டி அவனுக்குக் கழுத்துவலி வந்துவிட்டதாகப் பட்டறையில் சொல்லுவார்கள்.

கடல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மாதத்துக்கு ஒருமுறை வரும் பெண் அந்த வாரமே வந்தாள். கண்ணில் பட்டதையெல்லாம் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு எடுத்துப்போவதால் டப்பா மேடம். முக்குளியோடு அவளும் முங்கிப் பார்த்தாள். பார்த்தால் வெளியூர்ப் பாசிபோலத்தான் இருக்கிறது, ஆனால் பார்த்ததை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது, பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், கொஞ்சம் பொறுங்கள் என்றாள். பொறுப்பதற்குள் பரவிவிட்டால் என்ன செய்வது என்று பெண்கள் கேட்டார்கள். பரவிவிட்டால் கஷ்டம்தான் என்று ஒப்புக்கொண்டாள். அவள் முதலில் சொன்னதும் கடைசியில் சொன்னதும் எல்லோர் காதிலும் விழுந்தன. நடுவில் இருந்தது விழவில்லை.

மறுநாளே பிடுங்க ஆரம்பித்தார்கள். துண்டு ஒடிந்து மிதந்துபோனால் வேறெங்காவது பிடித்துக்கொள்ளும் என்பதால் அடியோடு எடுத்து, சாக்குகளில் கட்டி, கரைக்குக் கொண்டுவந்து வெயிலில் கொட்டினார்கள். தடித்ததும் மெலிந்ததும் பின்னிப் பிணைந்து கிடந்த இடங்களில் இரண்டும் சேர்ந்தே வந்தன. பிடுங்கக் கூடாது என்று இத்தனை நாள் மற்றவர்களை அதட்டிய கை இப்போது தானே பிடுங்குவது முக்குளிக்கு என்னவோபோல் இருந்தது. முதல் நாள் விரல்கள் தயங்கின. அதற்கப்புறம் பழகிவிட்டது.

அந்த வேகத்திலேயே கம்பெனியின் மேற்பார்வையாளரைக் கொட்டகைக்கு வரச்சொன்னார்கள். முக்குளிதான் எழுந்து நின்று பேசினாள். மிதவைகள் இருக்கும்வரை பாறைக்கு நிம்மதி இல்லை, எடுத்துவிடுங்கள் என்றாள். பெரிய வாக்குவாதத்துக்குத் தயாராக வந்திருந்தாள். அந்த மனிதரோ கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, மாதக் கடைசிக்குள் அவிழ்த்துவிடுகிறோம் என்றார். இவ்வளவு சுலபமாக அவர் ஏன் ஒத்துக்கொண்டார் என்று அவளுக்கு விளங்கவில்லை. வேலை போகப்போகிற நாத்தனார் கதவோரமாக நின்றுகொண்டு வாயே திறக்காதது அதைவிட விளங்கவில்லை. வீட்டில் உப்பு குறைந்தால்கூட அரைமணி நேரம் பேசுகிறவள். அன்று மாலை அவள் துணிகளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, தலைவலி என்று தன் அறைக்குப் போய்விட்டாள்.

டப்பா மேடத்தின் போன் வந்தபோது முக்குளி கொட்டகையில் இருந்தாள். பிடுங்கிய பாசி வெயிலில் சுருங்கி, நிறம் மாறிக் குவியலாகக் கிடந்தது.

"அக்கா, அது நம்ம பாசிதான். உள்ளூர்ப் பாசி."

"எது?"

"நான் எடுத்துட்டுப் போன தடிப் பாசி. ரெண்டு தடவை பார்க்கச் சொல்லிட்டேன். வெளியூர்ப் பாசி இல்ல."

முக்குளி குவியலைப் பார்த்தாள். அப்படியானால் அது ஏன் அவ்வளவு குண்டாக, அந்த நிறத்தில் இருந்தது என்று கேட்டாள். மேடத்துக்கும் அதுதான் புரியவில்லையாம். அலை இல்லாத தண்ணீரில் வளர்ந்தால் அதே பாசி அப்படி ஆகலாம்; ஆனால் மூடிய பாறையில் எப்போதும் அலை அடித்துக்கொண்டுதானே இருக்கிறது என்றாள். அன்றைக்கே தான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்றாள். முக்குளி அவளைச் சமாதானப்படுத்தினாள். போனை வைத்த பிறகுதான், தன்னை யாரும் சமாதானப்படுத்தவில்லை என்பது அவளுக்குத் தோன்றியது.

பட்டறைக்குப் போய்க் கணவனிடம் சொன்னாள். கையில் கிரீஸோடு கடைசிவரை கேட்டான். டப்பா மாறியிருக்குமோ என்றான். மாறவில்லை என்றாள். புயலில் சத்தான சேறு ஏதாவது வந்து பாசி கொழுத்திருக்குமோ என்றான். தெரியாது என்றாள். எல்லாவற்றையும் யோசித்துவிட்டு, "ஒருவேளை பாசிக்கே தான் யாருன்னு குழப்பமோ என்னவோ" என்றான். சிரிக்கவைக்கத்தான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. அவனும் உடனே திரும்பி இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

இரவு அவள் தலைக்குள் அதே பேச்சு ஓடியது. அலை இல்லாத தண்ணீர். பக்கத்தில் அலை இல்லாத தண்ணீர் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. ஆனால் அங்கே வளர்ந்தது வெளியூர்ப் பாசி. அங்கிருந்து வந்ததென்றால் அது உள்ளூர்ப் பாசியாக இருக்க முடியாது. உள்ளூர்ப் பாசி என்றால் அங்கிருந்து வந்திருக்க முடியாது. எந்தப் பக்கம் போனாலும் சுவரில் முட்டிக்கொண்டது.

விடிந்ததும் கால்வாய்க்குப் படகை விட்டாள். நாத்தனார் ஒரு மிதவையின் ஓரத்தில் உட்கார்ந்து கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி வருவதைப் பார்த்தும் கை நிற்கவில்லை. முக்குளி தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு கயிற்றை இழுத்தாள். பாறையில் பார்த்த அதே பாசி. வெளிர்ப்பச்சை, விரல் தடிமன். ஒரு கொத்தைப் பிரித்து, கயிற்றோடு கட்டியிருந்த இடத்தை உற்றுப் பார்த்தாள். தடித்த கிளைகளெல்லாம் நடுவில் இருந்த ஒரு பழைய தண்டிலிருந்து கிளைத்திருந்தன. அந்தத் தண்டு மெலிந்து, கறுத்து, துடைப்பக் குச்சிபோல இருந்தது. அதன் முனை சாய்வாக நறுக்கப்பட்டிருந்தது. அப்படிச் சாய்த்து நறுக்குவது மிதவை வேலைக்காரர்களின் வழக்கம் இல்லை; அவர்கள் கையாலேயே ஒடிப்பார்கள். அது முங்கும் பெண்களின் வெட்டு.

"இது எங்கேருந்து எடுத்தது?"

நாத்தனார் கயிற்றைக் கீழே வைத்தாள். மறைக்க முயலவில்லை.

"வெயில் காலத்துல கயித்துல இருந்ததெல்லாம் வெள்ளையா அழுகிப்போச்சு அண்ணி. புது விதைப் பாசி அனுப்புறோம் அனுப்புறோம்னு சொன்னாங்களே தவிர வரல. கயிறு காலியா இருந்தா மிதவையை மூடிடுவாங்க. அதான் நம்ம பாசியைக் கட்டிப் பார்த்தேன். நல்லா வந்துச்சு."

"நம்ம பாசின்னா? மூடிய பாறையிலேருந்தா?"

"ஓரத்துலதான். தண்ணி இறங்கின நேரத்துல நின்னுக்கிட்டே எடுத்தேன். அடியை விட்டுட்டுத்தான் நறுக்கினேன்."

மேற்பார்வையாளருக்கு இது தெரியுமா என்று முக்குளி கேட்டாள். தெரியாது, கயிறு நிறைந்திருந்தால் போதும், என்ன பாசி என்று அவர் குனிந்து பார்த்ததே இல்லை. கம்பெனிக்கே இந்த இடத்தில் ஆர்வம் போய்விட்டது, மூடுவதற்கு ஒரு சாக்கு தேடிக்கொண்டிருந்தார்கள், அதை அண்ணியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள் என்றாள் நாத்தனார்.

"கூட்டத்துல ஏன் பேசாம நின்னே?"

"என்னன்னு பேசுறது? அது வெளியூர்ப் பாசி இல்லன்னு சொன்னா, அப்ப என்னதுன்னு கேப்பீங்க. நீங்க காவல் காக்குற இடத்துலேருந்து நான் எடுத்ததுன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லணும்." கீழே வைத்த கயிற்றை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டு, "அதுவும் எனக்கே நிச்சயமா தெரியாது அண்ணி. ஒண்ணு ரெண்டு கயித்துல பழைய பாசியும் மிச்சம் இருந்துச்சு. புயல்ல எது அறுந்து போச்சுன்னு நான் எப்படிச் சொல்வேன்? மேடம் சொல்ற வரைக்கும் பொறுப்பீங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

முக்குளிக்குக் கோபம் வந்தது. ஆனால் அதை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. முதலில் படகின் பலகையை ஓங்கி உதைத்தாள், காலில்தான் அடிபட்டது. தடை செய்த இடத்தில் கை வைத்தவள் இவள். தானோ அந்தப் பாறையையே வழித்துத் துடைத்தவள். இவள் எடுத்தது மீண்டும் முளைத்திருக்கும். தான் பிடுங்கியது முளைக்காது. இதில் எதைச் சொல்லித் திட்டுவது? ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது தன் பக்கமே திரும்பி வந்தது. கடைசியில், அவிழ்ப்பதை நிறுத்து என்று மட்டும் சொன்னாள்.

"நீங்கதானே அவிழ்க்கச் சொன்னீங்க?"

"இப்ப நிறுத்தச் சொல்றேன்."

அன்று கொட்டகையில் எல்லாவற்றையும் சொன்னாள். போனில் வந்த செய்தியை முதலில், பாறை இப்போது இருக்கும் நிலையை அடுத்து, நாத்தனார் செய்ததைக் கடைசியில். நாத்தனாரும் வந்து நின்று, ஆமாம் என்றாள். உடனே எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். கயித்துக்காரியைப் பாசிப் பெண்கள் சங்கத்தை விட்டு நீக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. அவள் சங்கத்திலேயே இல்லையே, எங்கிருந்து நீக்குவது என்றாள் இன்னொருத்தி. அப்படியானால் முதலில் சேர்த்துவிட்டு அப்புறம் நீக்கலாம் என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. சிலர் முக்குளியைக் குறை சொன்னார்கள். நாங்களும்தானே சேர்ந்து பிடுங்கினோம் என்று வேறு சிலர் அவர்களை அடக்கினார்கள். பாசியை நிறுத்துப் போடும் பெண்மணியை எல்லோரும் தராசு என்று அழைப்பார்கள். அவள், கயிற்றில் தொங்குவது யாருடைய பாசி என்று கேட்டாள். பாறையுடையதா, கம்பெனியுடையதா, திருடியவளுடையதா? அந்தக் கேள்வியிலிருந்துதான் வழி பிறந்தது. மூடிய பாறையின் பாசி இப்போது அந்தக் கயிறுகளில்தான் நிறைய இருக்கிறது என்பது எல்லோருக்கும் உறைத்தது.

மேற்பார்வையாளரிடம் போய், மிதவைகளைக் கொஞ்ச நாள் விட்டுவைக்க வேண்டும் என்று கேட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, போன வாரம் எடுக்கச் சொன்னது நீங்கள்தானே என்று பணிவாகக் கேட்டார். ஆமாம் என்றார்கள். இப்போது எடுக்க வேண்டாம் என்கிறீர்கள். ஆமாம். காரணத்தைச் சொன்னார்கள். தன் கயிறுகளில் இத்தனை நாள் வளர்ந்தது தன் பாசியே இல்லை என்பது அவருக்குப் புரிய இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டு வந்து, மிதவைகளை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், தன்னை மட்டும் இதற்கு மேல் எதுவும் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தமுறை பொறுத்தார்கள். டப்பா மேடம் ஒவ்வொரு கயிற்றிலிருந்தும் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். ஒரு சில கயிறுகளில் வெளியூர்ப் பாசி உண்மையாகவே இருந்தது. அவற்றைக் கரைக்கு எடுத்து எரித்தார்கள். அப்படியென்றால் பாறையிலிருந்து பிடுங்கியதிலும் கொஞ்சம் வெளியூர்ப் பாசி இருந்திருக்குமா என்று முக்குளி கேட்டாள். இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம், காய்ந்து கலந்துவிட்ட குவியலை வைத்து முழுதாகச் சொல்ல முடியாது என்றாள் மேடம். கொஞ்சமாவது நல்லது செய்திருக்கிறோமா என்பதைக்கூடத் தெரிந்துகொள்ள வழி இல்லாமல் போனது முக்குளிக்கு எல்லாவற்றையும்விட வருத்தமாக இருந்தது.

நாத்தனார் இனி மூடிய பாறைப் பக்கமே போகக் கூடாது என்று சங்கம் தீர்மானம் போட்டது. கயிற்றுப் பாசியைப் பாறைக்கு மாற்றும் வேலை தொடங்கியதும், சின்னக் கல்லில் பாசித் துண்டை வழுக்காமல் கட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று தெரிந்தது. மற்றவர்கள் கட்டியது முதல் அலையிலேயே அவிழ்ந்துபோனது. அதனால், போகக் கூடாது என்று சொன்னவர்களே தினமும் அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார்கள். தீர்மானத்தை யாரும் மாற்றவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அவள் படகிலேயே உட்கார்ந்து நறுக்கிக் கட்டிக் கொடுப்பாள். முக்குளி வாங்கிக்கொண்டு முங்கி, பாறை இடுக்குகளில் கல்லோடு சேர்த்துச் செருகுவாள். மூச்சு முட்ட மேலே வந்தால் அடுத்தது தயாராக இருக்கும். வாங்கு, கொடு, இறுக்கு என்று மூன்று சொல்லில் காலை நேரம் கழியும்.

வைத்ததில் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோனது. மிச்சம் இருந்ததில் சில இடங்களில் அடி பிடித்தது. அலை அடிக்க அடிக்கத் தடிப்புக் குறைந்து, நிறம் கறுத்து, பழைய பாசியைப் போலவே ஆனது. வழித்தெடுத்த பாறை முழுவதும் திரும்பவில்லை. திட்டின் ஒரு பக்கம் பச்சை பிடித்தது, மறுபக்கம் வெறுமையாகவே கிடந்தது. வெறுமையான பக்கத்துக்கு என்ன குறை என்று மேடத்துக்கும் தெரியவில்லை. இன்னொரு பருவம் பார்க்கலாம் என்றாள்.

பாறையைப் பார்த்துக்கொள்ளும் வேலையை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று முக்குளி கொட்டகையில் சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி வெற்றுப் பையை உதறி மடித்தாள். சரி, நீயே இரு என்று தராசு சொன்னாள். அது நம்பிக்கையா, வேறு ஆள் இல்லாத குறையா என்று முக்குளி கேட்டுக்கொள்ளவில்லை. கால்வாயில் இருந்த மிதவைகளில் சிலவற்றைப் பெண்களே வைத்துக்கொண்டார்கள். மற்றப் பாறைகளுக்கும் விதைப் பாசி அங்கிருந்து போகட்டும் என்று பேச்சு. அவற்றைப் பராமரிக்கும் வேலை நாத்தனாருக்குத்தான் என்று யாரும் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஒருநாள் வேலை முடிந்து இருவர் மட்டும் படகில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். முக்குளி துடுப்பை நிறுத்தினாள்.

"உன்னைத் திட்டணுமா, உனக்கு நன்றி சொல்லணுமான்னு எனக்கு இன்னும் புரியல."

நாத்தனார் கேட்கும் காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டாள். "எனக்கும் உங்க மேல அப்படித்தான் அண்ணி" என்றாள். "என் வேலையைப் பிடுங்கினதும் நீங்கதான், வாங்கிக் குடுத்ததும் நீங்கதான்."

நீரோட்டம் படகை மெதுவாகக் கரைக்கு எதிர்ப்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அதைக் கவனித்ததும் முக்குளி நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். நாத்தனார் வந்து உட்கார்ந்து மற்றத் துடுப்பை எடுத்துக்கொண்டாள்.